படுத்தால் 72, நின்றால் 118: இதயம் எதற்காக ஓடுகிறது?

படுத்திருக்கும்போது நாடி 72. எழுந்து பல் தேய்க்க நின்றால் 118. மாடிக்குக்கூடப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே நாலு எட்டு நடந்தால் 130. ஈசிஜி எடுத்தால் நார்மல், எக்கோவும் நார்மல். கடைசியில் "டென்ஷனைக் குறைங்க" என்ற அறிவுரையோடு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தத் தொல்லை உள்ளவர்களில் பலருக்கும் இதுதான் அனுபவம்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஈசிஜி எடுக்கும்போது ஆள் படுத்திருக்கிறார். எக்கோவுக்கும் படுக்கத்தான் வைப்பார்கள். பிரஷர் பார்ப்பது உட்கார வைத்து. நிற்கும்போது மட்டும் வருகிற ஒன்றை நிற்க வைத்துப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சுவர், ஒரு கடிகாரம், ஒரு பிரஷர் மெஷின், பத்து நிமிடம் இருந்தால் போதும். ஆனால் இந்தப் பரிசோதனைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

முதலில், எழுந்து நிற்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நின்றவுடன் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் கால், தொடை, இடுப்பு, வயிற்றுக் குழாய்கள் பக்கம் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகிற அளவும் குறைகிறது. கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை அளக்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று துடிப்புக்குள் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி சொல்லிவிடும். உடனே இரண்டு வேலை நடக்கும்: கீழே உள்ள ரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் கொஞ்சம் வேகம் எடுக்கும். ஆரோக்கியமான உடம்பில் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது குழாய்களின் இறுக்கம்தான். இதயம் நிமிடத்துக்கு 10 முதல் 20 துடிப்பு மட்டும் கூட்டிக்கொண்டு சமாளித்துவிடும்.

குழாய் சரியாக இறுகாவிட்டாலோ, உள்ளே ஓடுகிற ரத்தமே குறைவாக இருந்தாலோ, மூளையிலிருந்து வருகிற முடுக்கம் அளவுக்கு மீறினாலோ, மிச்ச வேலை முழுவதும் இதயத்தின் தலையில் விழுகிறது. அது ஓடித்தான் ஆக வேண்டும். ஆகவே முதல் நாளே அந்த ஓட்டத்தை நிறுத்த மாத்திரை தேடுவதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். எதை ஈடுகட்ட ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ரத்தம் குறைந்துபோன ஒருவருக்குத் துடிப்பை மட்டும் மாத்திரையால் பிடித்து வைத்தால், எண் அழகாக இறங்கும். ஆள் மயங்கி விழுவார்.

பத்து நிமிடப் பரிசோதனை

காலையில் எழுந்ததும் செய்வது நல்லது, ஏனென்றால் இந்த ஏற்றம் காலையில்தான் அதிகம். மாலையில் செய்துவிட்டு "எனக்கு 22 தான் ஏறுது" என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. அதே ஆளுக்குக் காலையில் 38 ஏறும். காபி, டீ, சிகரெட் எதுவும் அதற்கு முன் வேண்டாம். நிறையத் தண்ணீரும் வேண்டாம், ஏன் என்று பின்னால் வரும். வழக்கமாகப் போடுகிற பிரஷர் மாத்திரை, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எதையும் இதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது என்று பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். துணைக்கு ஒருவர் கட்டாயம் அருகில் இருக்க வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருக்கிற நாளிலும், உட்கார்ந்தாலே மயக்கம் வருகிற நிலையிலும் இதைச் செய்யவே கூடாது.

5 முதல் 10 நிமிடம் பேசாமல், போனைப் பார்க்காமல் மல்லாந்து படுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் நாடியும் பிரஷரும் இரண்டு முறை எடுத்துக் குறியுங்கள். பிறகு எழுந்து சுவரோரம் நில்லுங்கள். குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும், தோள்பட்டை மட்டும் சுவரில் சாய்ந்திருக்கட்டும். அப்படியே பத்து நிமிடம், ஒவ்வொரு நிமிடமும் ஒரு அளவு. இதை நாசா சாய்வுப் பரிசோதனை என்பார்கள். சுவரில் சாய்வது சௌகரியத்துக்காக அல்ல. சாயாமல் நிற்கிறவர் தன்னையறியாமல் காலை மாற்றி மாற்றி வைப்பார், கெண்டைக்காலை இறுக்குவார். அந்தத் தசை அசைவே ரத்தத்தை மேலே தள்ளி முடிவைக் கெடுத்துவிடும். நின்றுகொண்டு பேசினாலும் துடிப்பு ஏறும். கண் இருட்டினால், வாந்தி வருவதுபோல் இருந்தால், வியர்த்துக் கொட்டினால் உடனே படுத்துவிட வேண்டும். எத்தனையாவது நிமிடம் என்பதைக் குறித்துக்கொண்டால் அதுவும் ஒரு முடிவுதான்.

முதல் அரை நிமிடத்தின் எண்ணைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். எழுந்ததும் எல்லோருக்கும் துடிப்பு சட்டென்று எகிறி, 12 நொடி வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். ஸ்மார்ட் வாட்சில் அந்த உச்சத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஏராளம். நமக்கு வேண்டியது ஒன்றாவது நிமிடத்துக்குப் பிறகும் தங்கியிருக்கிற ஏற்றம்.

அளக்கிற கருவிகளில் இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும். பிரஷர் மெஷினின் பட்டை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு எடுத்தால், இதய மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் அளவு 7 முதல் 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். மணிக்கட்டில் கட்டுகிற மெஷினில் இந்தப் பிழை இன்னும் பெரிது. உண்மையில் 25 மி.மீ. இறங்கிய பிரஷரை மறைத்து, "எல்லாம் சரி" என்று அது சொல்லிவிடக்கூடும். முன்னங்கையை நெஞ்சு உயரத்தில் ஒரு அலமாரித் தட்டிலோ துணைக்கு நிற்கிறவரின் தோளிலோ வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பல்ஸ் ஆக்சிமீட்டர். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது தடுமாறும். இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு நிற்கும்போது விரல் சில்லிடுவது சகஜம். சந்தேகமாக இருந்தால் மணிக்கட்டில் விரலை வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

எண்களைப் படிப்பது

ஒருவருக்குப் படுத்திருக்கும்போது நாடி 72, பிரஷர் 112/74. நின்ற 1-ஆம் நிமிடம் 98, 3-இல் 106, 5-இல் 109, 8-இல் 114, 10-இல் 118, பிரஷர் 116/80. ஏற்றம் 46. பிரஷர் இறங்கவில்லை, நிமிடம் போகப் போகத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. பாட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற பாஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டாட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோமின், அதாவது நின்றால் துடிப்பு அளவுக்கு மீறி ஏறுகிற கோளாறின் சாயல் இதுதான்.

இன்னொருவருக்குப் படுத்தால் 125/80, நாடி 76. நின்ற மூன்றாம் நிமிடம் 100/68, நாடி 110. இங்கே மேல் எண் 25 இறங்கியிருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் அது நிலைமாற்றத் தாழ் ரத்த அழுத்தம், பாட்ஸ் அல்ல. நாடி 34 ஏறிப் போராடுகிறது என்பதால் நரம்பு வேலை செய்கிறது என்று பொருள். நீர் வற்றல், ரத்த இழப்பு, ஏதாவது மாத்திரை இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும்.

மூன்றாமவர் வயதானவர், பல வருடச் சர்க்கரை நோய் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். 140-லிருந்து 105-க்கு இறங்குகிறது, நாடியோ 70-லிருந்து 78-க்குத்தான் போகிறது. பிரஷர் 35 விழுந்தும் இதயம் 8 துடிப்புதான் கூட்டியது. நாடி ஏற்றத்தை மேல் எண்ணின் இறக்கத்தால் வகுங்கள்: 8-ஐ 35-ஆல் வகுத்தால் 0.23. 0.5-க்குக் கீழே வந்தால் துடிப்பையும் பிரஷரையும் நாம் நினைக்காமலே நடத்துகிற தன்னியக்க நரம்புகளே பழுதுபட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முந்தையவருக்கு அதே கணக்கு 1.36. ஒரே ‘நின்றால் தலைசுற்றுது’தான், உள்ளே நடப்பது நேர் எதிர்.

நான்காவதாக, துடிப்பு படுத்தாலும் 100-க்கு மேல், நின்றாலும் அதற்கு மேல் என்று இருப்பவர்கள். இவர்களுக்குத் தூங்கும்போது நாடி எவ்வளவு என்பதே பெரிய துப்பு. பாட்ஸில் தூக்கத்து நாடி பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். தூக்கத்திலும் 95, 100 என்று ஓடினால் தைராய்டு, ரத்தசோகை, உள்ளே புகைகிற தொற்று என்று பார்க்க வேண்டும். 24 மணி நேரச் சராசரி 90-ஐத் தாண்டி, வேறு காரணமும் கிடைக்காவிட்டால், பொருத்தமற்ற சைனஸ் டாக்கிகார்டியா என்ற தனிப் பெயர் இருக்கிறது.

ஐந்தாவது வகை இந்த வரிசையிலேயே சேராதது. சுவிட்ச் போட்டதுபோல் ஒரே துடிப்பில் 80-லிருந்து 180-க்குத் தாவி, கொஞ்ச நேரம் கழித்து அதேபோல் சட்டென்று அணைந்தால், அது இதயத்தின் மின்பாதைக் கோளாறு. குனிந்து நிமிரும்போது அது தொடங்கக்கூடும் என்பதால் ‘எழுந்தால் வருது’ என்று தோன்றும். வாட்சின் வரைபடத்தில் இதன் ஏற்றம் செங்குத்துச் சுவராகத் தெரியும்; நிலைமாற்றத்தால் வருவது சரிவாக ஏறும், சரிவாக இறங்கும். நாடி தாளமே இல்லாமல் தாறுமாறாக அடித்தாலும் இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும், வந்திருக்கிற நேரத்திலேயே ஈசிஜி பதிவாக வேண்டும்.

முதலில் விலக்க வேண்டியவை

நின்றால் 30 துடிப்பு ஏறுவது பாட்ஸுக்கான எல்லைக்கோடு மட்டுமல்ல. பெரிய அளவில் ரத்தம் இழந்தவருக்கும் அதே 30 தான் அடையாளம். அதனால்தான் பாட்ஸ் என்று பெயர் வைக்க மூன்று மாதமாவது தொல்லை நீடித்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நேற்று வரை நன்றாக இருந்தவருக்கு இன்று நின்றால் நாடி 130 என்றால் உப்பு, தண்ணீர் என்று வீட்டு வைத்தியம் பார்க்கிற நேரம் அதுவல்ல. மலம் தார்போல் கறுத்துப் போகிறதா? மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு மயக்கம் வருகிறதா? கர்ப்பப்பைக்கு வெளியே தரித்த கரு வெடித்திருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, மூச்சு வாங்குகிறதா? அறுவைச் சிகிச்சை, நீண்ட பயணம், கருத்தடை மாத்திரை இவற்றில் ஏதாவது பின்னணியில் இருந்தால் நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலியோடு துடிப்பு ஏறினால் இதயத் தசை அழற்சியை நினைக்க வேண்டும். ஓடும்போதோ உழைக்கும்போதோ நடுவில் மயங்கி விழுவது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருப்பது ஆகியவையும் தள்ளிப்போட முடியாதவை. இவை எல்லாவற்றுக்கும் அவசரப் பிரிவுதான் இடம்.

அவசரமில்லாத காரணங்களில் முதலிடம் இரும்புச்சத்துக்கு. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் ‘ரத்தம் நல்லா இருக்கு’ என்று ரிப்போர்ட்டை மூடிவிடுகிறார்கள். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். 15-க்குக் கீழ் என்றால் இருப்பு காலி. 30-க்குக் கீழ் என்றாலே குறை என்று எடுத்துக்கொள்கிற மருத்துவர்கள் பலர். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்து மாத்திரைப் பட்டியல். ஆஸ்துமாவுக்கான சால்புடமால், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், கவனக்குறைவுக்குத் தரும் மெதில்ஃபெனிடேட், அளவு கூடிய தைராக்சின் இவை துடிப்பை நேராக ஏற்றுபவை. நீர் பிரிக்கும் மாத்திரை, பிரஷருக்கான பிராசோசின், நிஃபெடிபின், புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், நெஞ்சுவலிக்கான நைட்ரேட் இவை குழாயைத் தளர்த்தியோ நீரைக் குறைத்தோ ஏற்றுபவை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் உண்டு. மருத்துவரிடம் போகும்போது எல்லா அட்டைகளையும், சளி மருந்து பாட்டில் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியதுதான் பல சமயம் குற்றவாளி.

சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அட்ரினல் சுரப்பி சோர்ந்துபோவது அரிது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. உப்புக்கு ஏங்குவது, எடை இறங்குவது, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுப்பது, ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடுவது இதன் அடையாளங்கள். பாட்ஸ் என்று நினைத்து உப்பைக் கூட்டினால் இவர்களுக்கும் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அதுதான் ஆபத்து. உப்பு வைத்தியத்துக்கு முன்பே, காலை 8 மணி வாக்கில் எடுத்த, அந்தச் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோல் அளவு ஒன்று கையில் இருப்பது நல்லது. இதோடு முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சர்க்கரை, ஒரு ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோவும் 24 மணி நேரமும் ஈசிஜி பதிகிற ஹோல்டரும் பார்த்தால் பெரும்பாலான காரணங்கள் பிடிபட்டுவிடும். இதைத் தாண்டி நீளமான பட்டியல் எழுதித் தருகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

நடக்கும்போது மட்டும் ஏறினால்

நிற்பதும் நடப்பதும் ஒன்றல்ல. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் நாளத்தைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. அதனால் பாட்ஸ் உள்ளவர்களில் பலர், வரிசையில் அசையாமல் ஐந்து நிமிடம் நிற்பதைவிட அரை மணி நேரம் மெதுவாக நடப்பதே மேல் என்பார்கள். தலைகீழாக, நிற்பதில் பெரிய தொந்தரவில்லை, பத்தடி நடந்தால்தான் துடிப்பும் மூச்சும் சேர்ந்து எகிறுகிறது என்றால், நுரையீரல், இதயத்தின் பம்ப் வலு, ரத்தசோகை, நீண்ட படுக்கையால் வந்த தளர்ச்சி என்று யோசனை வேறு பக்கம் போக வேண்டும். படுக்கையில் ஓரிரு நாள் கிடந்தாலே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கிவிடும். இரண்டு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு குளியலறைக்கு நடந்தால் 125 என்பதில் மர்மம் ஒன்றுமில்லை.

நடந்து முடித்ததும் நின்று, விரலை ஆட்டாமல் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். ஓய்வில் 97 காட்டியது 92, 93 என்று இறங்கியிருந்தால், இரண்டாவது முறையும் அப்படியே வந்தால், இதயத்தைவிட நுரையீரலை முதலில் பார்க்க வேண்டும்.

வாட்ச் காட்டுவதை அப்படியே நம்பக் கூடாத இடமும் இதுதான். மணிக்கட்டு வாட்ச் தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பச்சை ஒளியால் பார்த்து எண்ணுகிறது. கை வீசி நடக்கும்போது அந்த அசைவின் தாளம் நாடியின் தாளத்தை மூடிவிடும். வாட்ச் நாடிக்குப் பதில் அடிகளை எண்ணத் தொடங்கிவிடும். சாதாரண நடை நிமிடத்துக்கு 110, 120 அடி. உங்கள் ‘நடை நாடி’ எப்போதும் 115-ஐ ஒட்டியே ஒரே கோடாக இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். நடையை நிறுத்திய கணமே கழுத்திலோ மணிக்கட்டிலோ 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். இங்கே 30 நொடி எண்ணினால், எண்ணி முடிப்பதற்குள் துடிப்பு இறங்கிவிடும். நெஞ்சில் கட்டுகிற பட்டை மின் துடிப்பையே எடுப்பதால் இந்தக் குழப்பத்தில் சிக்காது.

பாட்ஸ் என்று உறுதியானால்

பெரியவர்களுக்கு 30, 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40; பத்து நிமிடத்துக்குள் ஏறி நிலைத்திருக்க வேண்டும்; பிரஷர் விழக் கூடாது; படுத்தால் தணிகிற தொல்லைகள் மூன்று மாதமாவது இருக்க வேண்டும்; மேலே சொன்ன காரணங்கள் விலக்கப்பட்டிருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். இந்தப் பெயரும் வரையறையும் 1993-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷோண்டார்ஃப், லோ இருவர் வழியாக நிலைபெற்றன. தொல்லை பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் கண்ட ‘எரிச்சல் கொண்ட இதயம்’ பற்றி டா கோஸ்டா 1871-இலேயே எழுதிவிட்டார். இன்று இதை அதிகம் காண்பது 15 முதல் 50 வயதுக்குட்பட்ட பெண்களிடம். வைரஸ் காய்ச்சல், கோவிட், பெரிய அறுவைச் சிகிச்சை, பிரசவம், பூப்பெய்தும் பருவத்தின் திடீர் வளர்ச்சி போன்ற ஒன்றுக்குப் பின் தொடங்கியதாகச் சொல்வார்கள். மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிறவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

‘மனப்பதற்றம்’ என்ற முத்திரையை நான் எளிதில் ஏற்பதில்லை. நின்றதும் நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் கொட்டும்போது கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். பயந்தாலும் இதே ரசாயனம்தான், இதே அறிகுறிதான். பதற்றம் உட்கார்ந்திருந்தாலும் படுத்திருந்தாலும் வரும். இது படுத்த சில நிமிடத்தில் அடங்கும், எழுந்தால் திரும்பும். மனசு அமைதியாக இருக்கிற நாளிலும் அப்படியேதான். சிலருக்கு நின்றால் மேல் பிரஷர் 10-க்கு மேல் ஏறவும் செய்யும். அவர்களிடம் நிற்கும்போது எடுத்த ரத்தத்தில் நார்அட்ரினலின் மில்லிலிட்டருக்கு 600 பிகோகிராமைத் தாண்டியிருப்பது உண்டு. வேறு சிலருக்குக் காலின் நரம்பு முனைகள் பழுதாகி அங்கே குழாய் இறுகாது. நின்றால் பாதம் ஊதா நிறமாகும். மாநிறத்துக்கு மேற்பட்ட தோலில் இது பளிச்சென்று தெரியாது, கால் நகத்தடியைப் பாருங்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ரத்த அளவே குறைவு. குறைந்தால் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டிய அல்டோஸ்டிரோன் ஹார்மோன் இவர்களிடம் வினோதமாகச் சும்மா இருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு மூன்றும் கலந்திருப்பதே அதிகம்.

தண்ணீர், உப்பு, வயிற்றுப் பட்டை

நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் நீர், 10 முதல் 12 கிராம் உப்பு என்பது வழக்கமான இலக்கு. எல்லோருக்கும் உப்பு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே அதற்கு இரண்டு மடங்கு. எனவே உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 6 கிராம். சமையலில் ஏற்கெனவே எவ்வளவு போகிறது என்று கணக்கிடாமல் மேலே கொட்டுவதுதான் வழக்கமான தவறு. கூட்ட வேண்டியதை மூன்று வேளைச் சாப்பாட்டோடு பிரித்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு கிராமாக ஏற்ற வேண்டும். வெறும் வயிற்றில் உப்பு மாத்திரை விழுங்கினால் குமட்டிக்கொண்டு வரும். போதுமா என்பதை 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் பார்த்துச் சொல்லலாம். 170 மில்லிமோல் வெளியேறினால் ஏறத்தாழ 10 கிராம் உப்பு உள்ளே போயிருக்கிறது.

உப்பில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் அது சிறுநீராகப் போய்ச் சேரும், கூடவே சோடியமும் இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி செய்த ஓஆர்எஸ் ஒரு லிட்டரில் 75 மில்லிமோல் சோடியம், 4.4 கிராம் உப்புக்குச் சமம். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கிற பானங்களில் லிட்டருக்கு 20 மில்லிமோல் வாக்கில்தான் இருக்கும், மிச்சம் சர்க்கரை. ஓஆர்எஸ் பொட்டலத்தில் எழுதிய அளவு தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். ருசிக்காகக் கூட்டிக் குறைத்தால் கணக்கு கெட்டுவிடும்.

காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன், உட்கார்ந்தபடியே அரை லிட்டர் தண்ணீரை இரண்டு மூன்று நிமிடத்தில் குடித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கி, அரை மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், சுமார் ஒரு மணி நேரம் வரை, நிற்கும்போது ஏறுகிற துடிப்பைத் தணிக்கும். ரத்த அளவு கூடுவதற்கு முன்பே, வயிற்றில் விழுந்த நீரால் நரம்புகள் தூண்டப்பட்டுக் குழாய்கள் இறுகுவதுதான் இதன் சூட்சுமம். சுவரோரப் பரிசோதனைக்கு முன் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

இறுக்கமான காலுறை என்றதும் முழங்கால் வரை வருவதை வாங்கி, பயனில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தேங்குகிற ரத்தத்தில் பெரும்பங்கு தொடையிலும் வயிற்றிலும் இருக்கிறது. இடுப்பு வரை வருகிற 30–40 மி.மீ. அழுத்தமுள்ளது நல்லது, அதை மாட்டவே மூச்சு வாங்கும் என்பவர்கள் 20–30-இல் தொடங்கலாம். ஏதோ ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு வயிற்றுப் பட்டைக்கு. எழுவதற்கு முன் படுத்தபடியே கட்டி, இரவில் கழற்றிவிட வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கடியில் 10–15 செ.மீ. கட்டை வைத்தால் இரவில் சிறுநீராகப் போகிற நீர் குறையும். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது, கழுத்துதான் வலிக்கும்.

நிற்க வேண்டிய கட்டாயத்தில் கால்களைக் குறுக்காகப் பின்னித் தொடையையும் புட்டத்தையும் இறுக்குங்கள். முஷ்டியை மடக்கி முப்பது நொடி பிடியுங்கள். கண் இருட்டத் தொடங்கினால் குந்திவிடுங்கள், கூச்சப்பட நேரமில்லை. வெந்நீர்க் குளியலில் தோலின் குழாய்கள் எல்லாம் திறந்துகொள்ளும், அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பது நல்லது. மாவுச்சத்து மிகுந்த பெரிய சாப்பாட்டுக்குப் பின் ரத்தம் வயிற்றுக்குப் போய்விடும். அளவைப் பிரித்துச் சாப்பிட்டால் மதியத் தொல்லை குறையும். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் கூடுவதையும் எதிர்பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

உடற்பயிற்சிதான் நீண்ட நாள் பலன் தருவது, தவறாகச் செய்தால் ஆளைப் படுக்கவைப்பதும் அதுதான். நின்றபடி செய்கிற எதையும் முதலில் தொட வேண்டாம். சாய்ந்து மிதிக்கிற சைக்கிள், துடுப்பு மெஷின், துணையோடு நீச்சல், இவை எதுவுமில்லையென்றால் படுத்தபடி கால் பயிற்சி. பத்து நிமிடம், வாரம் மூன்று நாள் என்று தொடங்கி அரை மணி நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் நிமிர்ந்த பயிற்சி. முதல் சில வாரம் முன்பைவிடச் சோர்வாக இருக்கும், பலர் கைவிடுவது அங்கேதான். ஒரு விதிவிலக்கு உண்டு: பயிற்சி செய்த அன்று நன்றாக இருந்து, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ காய்ச்சல் கண்டதுபோல் அடியோடு சரிந்துவிடுகிறவர்கள், குறிப்பாகக் கோவிட்டுக்குப் பிறகு, இப்படி ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. அவர்களுக்கு அந்தச் சரிவு வராத எல்லைக்குள் இருப்பதே சிகிச்சை.

மாத்திரைகளை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் இது என்று புரிந்தால் பேச வசதியாக இருக்கும். புரோப்ரனலால் 10 முதல் 20 மி.கி. போன்ற சிறிய அளவில்தான் நன்றாக வேலை செய்கிறது. அளவைக் கூட்டினால் துடிப்பு இன்னும் இறங்கும், சோர்வு ஏறும். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஐவாபிராடின் பிரஷரைத் தொடாமல் துடிப்பை மட்டும் குறைக்கும், சிலருக்குக் கண்ணில் ஒளிப்பொறி பறக்கும், கர்ப்பத்தில் கூடாது, கிளாரித்ரோமைசின், வெராபமில், டில்டியாசெம் ஆகியவற்றோடு சேரக் கூடாது. ஃபுளுட்ரோகார்டிசோன் உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை இறக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை தொடர்ந்து வேண்டும். மிடோட்ரின் குழாயை இறுக்கும். உச்சந்தலை ஊறினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். போட்டுவிட்டுப் படுத்தால் பிரஷர் எகிறும், எனவே கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். துடிப்பைத் தொடங்கிவைக்கிற, இதயத்தின் சைனஸ் முனையைச் சூட்டால் சுட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், பாட்ஸுக்கு அதை நிபுணர் வழிகாட்டுதல்கள் வேண்டாம் என்கின்றன.

புதிய மாத்திரை எதுவானாலும் தொடங்குவதற்கு முந்தைய காலையிலும், இரண்டு வாரம் கழித்து மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரத்திலும் அதே சுவரோரம் அதே பத்து நிமிடத்தைப் பதிந்து, இரண்டு தாளையும் மருத்துவரிடம் கொடுங்கள். நாடி இறங்கியிருக்கிறது, ஆனால் ஏழாவது நிமிடத்தில் உட்கார வேண்டிவந்தது என்றால், அந்த வரியை மேலேயே எழுதுங்கள்.